ஒரு முறித் தேங்காயில் ராத்திரிச் சாப்பாடு

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் கறியின் பெயரை முடிவு செய்வது தேங்காய் அரைப்புதான். முருங்கைக்காய் ஒன்றே போதும். தேங்காயைச் சதைத்துப் போட்டால் அவியல். மை போல அரைத்து ஊற்றினால் குழம்பு. சிவக்க வறுத்து அரைத்தால் தீயல். இந்த மூன்று அரைப்பும் கைக்கு வந்துவிட்டால், சாயங்காலம் வீட்டில் என்ன காய் கிடக்கிறதோ அதை வைத்து ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடலாம். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அடுக்களை அப்படியேதான் இருக்கிறது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடுகு வெடிப்பது தேங்காய் எண்ணெயில்தான்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 4 பேருக்கு. கப் என்றால் 240 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. நடுத்தரத் தேங்காயில் ஒரு முறியை (பாதி மூடியை) துருவினால் ஏறக்குறைய ஒரு கப் வரும். ஒரு கறிக்கு அது போதும்; கூடவே துவரனோ கிழங்கு மசியலோ வைத்தால் மறு முறியும் வேண்டும்.

தேங்காயை எடுக்கும்போது

முற்றின தேங்காய்தான் வேண்டும். குலுக்கினால் தண்ணீர் ஆட வேண்டும், கண்ணில் ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது. இளந்தேங்காயை அரைத்தால் குழம்பு கொழகொழவென்று நிற்கும், எண்ணெய் தெளியாது. துருவும்போது சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோலை விட்டுவிடுங்கள். அவியலிலும் வெள்ளை அரைப்பிலும் அது நிறத்தைக் கெடுக்கும். தீயலுக்கு வந்தால் பரவாயில்லை.

மீதி முறியை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், அரைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த துருவலை மிக்ஸியில் போட்டால் அது அரைபடாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு திரிதிரியாக நிற்கும். அவசரமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரையுங்கள். மிக்ஸியை நிறுத்தாமல் நெடுநேரம் ஓட்டவும் கூடாது. ஜார் சூடாகி எண்ணெய் தனியே பிரிந்துவிடும். 20 விநாடி ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு மறுபடி ஓட்டுவதே நல்லது.

சதைத்த தேங்காய்: துவரன், அவியல்

துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியலுக்கு) கால் கிலோ காய், அரைக் கப் தேங்காய், 2 பச்சை மிளகாய், 1 பூண்டுப் பல், கால் தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி மஞ்சள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. மிக்ஸியை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுச் சுற்றினால் போதும். தேங்காய் பூப்பூவாகவே இருக்க வேண்டும், மிளகாயும் பூண்டும் மட்டும் நசுங்கியிருக்க வேண்டும். அம்மி இருந்தால் அதுவே மேல். மிக்ஸி வெட்டும், அம்மி நசுக்கும். பூண்டின் மணம் நசுங்கும்போதுதான் முழுதாக வெளியே வரும்.

பயற்றங்காயோ முட்டைக்கோஸோ பொடியாக நறுக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த எண்ணெயில் போட்டு, உப்பிட்டு, கையால் தண்ணீர் தெளித்து மூடுங்கள். பயற்றங்காய்க்கு 8 நிமிடம், கோஸுக்கு 5. காயில் தண்ணீர் வற்றிய பிறகே தேங்காயைப் போட்டு 2 நிமிடம் கிளறி இறக்க வேண்டும். துவரன் கூழாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: காய் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் விழுந்து அந்த ஈரத்தைக் குடித்துவிடுகிறது.

முருங்கைக்கீரைக்கு ஒரு தனிக் கவனம். கழுவின கீரையைத் துணியில் பரப்பி உலரவிட்டுத்தான் சட்டியில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். பிறகு எவ்வளவு கிளறினாலும் பிரியாது. இதில் தேங்காயை முதலில் போட்டு, ஒரு புரட்டு புரட்டி, அதன்மேல் கீரையைத் தூவினால் இலை இலையாக நிற்கும். மூடி போடாமல் 4 நிமிடம். காம்பு ஒன்றிரண்டு விழுந்தாலும் பல்லில் மாட்டும், உருவும்போதே பார்த்துவிடுங்கள்.

அவியலுக்கு இதே சதைப்பு, பூண்டு மட்டும் வேண்டாம். அரைக் கிலோ காய்க்கு ஒரு கப் தேங்காய். சேனையையும் ஏத்தங்காயையும் (நேந்திரங்காய்) முதலில் வேகவைத்து, பாதி வெந்ததும் முருங்கைக்காய், கடைசியாகப் புடலையும் வெள்ளரியும். புளிப்புக்கு மாங்காய் போட்டால் காயோடு வேகலாம். தயிர் என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான், கொதியில் ஊற்றினால் திரிந்துபோகும். இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு 5 நிமிடம் மூடி வையுங்கள். அந்த மூடலில்தான் அவியல் மணக்கும்.

மை போல அரைத்தது: மீன் குழம்பு

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரைகளிலிருந்து சாளை (மத்தி மீன்) வரும் நாட்களில் வேறு யோசனையே தேவையில்லை. அரைக் கிலோ சாளைக்கு வேண்டியவை: ஒரு கப் தேங்காய், 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒன்றரை மேசைக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, 5 சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), எலுமிச்சை அளவு புளி. மாங்காய் சேர்ப்பதானால் புளியைப் பாதியாக்குங்கள்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிந்து எழும்பி நிற்க வேண்டும். சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), சூரை ஆகிய மூன்றையும் வெயிலில் கிடந்த கூடையிலிருந்து வாங்காதீர்கள். சூட்டில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு மற்ற வேலையைப் பாருங்கள். குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் அந்த மீனை உடனே தனியே எடுத்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சட்டி முழுவதும் கசக்கும்.

தேங்காய், தூள்கள், உள்ளி, நல்லமிளகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முதலில் கால் கப் தண்ணீரில் அரையுங்கள். தொடக்கத்திலேயே நிறைய ஊற்றினால் துருவல் நீந்தும், அரைபடாது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. இந்த ஓர் இடத்தில் சோம்பினால் குழம்பு மேலே தண்ணீரும் கீழே பிண்ணாக்குமாகப் பிரிந்து நிற்கும். மீன் குழம்பு தெளிந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது அரைப்பைத்தான்.

மண்சட்டியில் அரைப்பையும் புளித்தண்ணீரையும் கரைத்து, மொத்தத் தண்ணீர் இரண்டரைக் கப்புக்கு வருமாறு ஊற்றி, உப்பும் கீறின பச்சை மிளகாயும் ஒரு முருங்கைக்காயும் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்த பிறகு 10 நிமிடம் நடுத்தரத் தீ. பச்சை மல்லி வாடை போய், ஓரத்தில் எண்ணெய் மினுங்கத் தொடங்கும்போது மீனைப் போடலாம். சாளைக்கு 7 நிமிடம், பெரிய மீன் துண்டுகளுக்கு 10 முதல் 12. மீன் விழுந்த பிறகு அகப்பை போடக் கூடாது. சட்டியைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், இறக்கிய பிறகும் சில நிமிடம் கொதிக்கும். அதனால் மீன் முக்கால் பங்கு வெந்திருக்கும்போதே அணைத்துவிடுவது சரியான கணக்கு. அரை மணி நேரமாவது ஆறவிட்டுப் பரிமாறுங்கள், அப்போதுதான் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் இருப்பதால் இரண்டு தடையும் உண்டு. அந்த மாதங்களில் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன் கொஞ்சம் வரும், விலையும் கூடும். அதே அரைப்பில் நெத்திலிக் கருவாடு 100 கிராம் போட்டால் வீட்டுக்குப் போதும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் கழுவி, குழம்புக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள். ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க வழியில்லை. மீனே வேண்டாமென்றால் மாங்காயும் முருங்கைக்காயும் போதும். அப்போது கொதி 12 நிமிடம்.

வறுத்தரைத்தது: தீயல்

மூன்றில் கஷ்டமானது இதுதான், ருசியானதும் இதுதான். சின்ன உள்ளி கால் கிலோ, தேங்காய் ஒரு கப், மல்லி 2 மேசைக்கரண்டி, வத்தல் மிளகாய் 6, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி.

மல்லியையும் வத்தலையும் நல்லமிளகையும் நாலு சொட்டு எண்ணெயில் மணம் வரும்வரை வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். தேங்காயோடு சேர்த்தே வறுத்தால், தேங்காய் சிவப்பதற்குள் மல்லி கருகிவிடும். பிறகு அதே சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், துருவல், நறுக்கிய உள்ளி மூன்று, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தீ சிறியதாகவே இருக்கட்டும். முதல் 5 நிமிடம் ஆவிதான் போகும், நிறம் மாறாது. பொறுமையிழந்து தீயைக் கூட்டுவது இங்கேதான் நடக்கும். ஈரம் போனதும் பொன்னிறம், பிறகு செங்கல் நிறம், பிறகு காப்பித்தூள் நிறம் என்று வேகமாக மாறும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். கடைசி 3 நிமிடம் கையை எடுக்காமல் கிளற வேண்டும். காப்பித்தூள் நிறத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்து, உடனே ஒரு தட்டில் பரப்பிவிடுங்கள். இரும்புச் சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிவிடும்.

துருவல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய துண்டும் பொடியும் கலந்திருந்தால், துண்டு சிவப்பதற்குள் பொடி கருகும். கருகின ஒரு கரண்டித் தேங்காய் சட்டி முழுவதையும் கசக்கவைத்துவிடும். சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு மாறாது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி வறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாறாக, வெளுத்த நிறத்தில் எடுத்துவிட்டால் தீயல் வெறும் புளிக்குழம்பாக நிற்கும்.

வறுத்ததை ஆறவிட்டு, தண்ணீர் இல்லாமல் அரையுங்கள். சுற்றச் சுற்ற எண்ணெய் கசிந்து விழுதாகும். அதன் பிறகே கொஞ்சம் தண்ணீர் விட்டு வழித்தெடுக்க வேண்டும். முதலிலேயே தண்ணீர் விட்டால் அந்தக் கருஞ்சிவப்பும் மினுக்கமும் வராது.

இன்னொரு சட்டியில் ஒன்றரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு வெடித்ததும் முழு உள்ளியைப் போட்டு, கண்ணாடி போலாகும்வரை 6 நிமிடம் வதக்கி, புளித்தண்ணீர் இரண்டு கப், மஞ்சள், உப்பு சேர்த்து 8 நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளியின் பச்சை வாடை போகாமல் அரைப்பை ஊற்றாதீர்கள்; ஊற்றிவிட்டால் பிறகு போகாது. அரைப்பு விழுந்ததும் தீயைக் குறைத்து 6 நிமிடம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் தீயல் தயார். நெல்லிக்காயில் பாதி அளவு வெல்லம் போட்டால் புளி அடங்கும்.

வழுதலங்காய் (கத்தரிக்காய்), பாகற்காய், வெண்டை எல்லாம் தீயலுக்கு ஒத்துவரும். வெண்டையையும் பாகலையும் முன்கூட்டியே எண்ணெயில் நன்றாக வதக்கிவிட வேண்டும். சக்கைக் (பலா) காலத்தில் சக்கைக்கொட்டையை முதலில் வேகவைத்துப் போடலாம்.

வேலைக்குப் போகும் வீடுகளுக்கு: விடுமுறை நாளில் இரண்டு தேங்காயை வறுத்து, தண்ணீர் படாமல் அரைத்து, உலர்ந்த பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் இருக்கும். ஈரக்கரண்டி பட்டால் இரண்டே நாளில் பூத்துவிடும். மூன்று மேசைக்கரண்டி விழுது ஒரு வேளைக்குப் போதும். தீயல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மரச்சீனி மசித்தல்

சாளைக் குழம்பு இருக்கும் ராத்திரியில் சோறு வடிக்க வேண்டாம், ஒன்றரைக் கிலோ மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வாங்குங்கள். தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் பர்மா அரிசி நின்றுபோனபோது இங்கே வயிற்றைக் காத்ததும் இதுதான்.

கிழங்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடத் தொடங்கும். கடையில் ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள்: உள்ளே சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். வெளித்தோலையும் அதற்கு அடியிலுள்ள தடித்த தோலையும் சேர்த்து உரித்து, இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டி, அதை நாலாகப் பிளந்து, நடுவிலுள்ள நாரை எடுத்துவிடுங்கள்.

வேகவைப்பதில் ஒரு விதியை மீறக் கூடாது. நிறையத் தண்ணீர், திறந்த பாத்திரம், வெந்த தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுவது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது சயனைடு வெளிப்படும். துண்டு சிறியதாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால் அது தண்ணீரில் இறங்கியும் ஆவியோடும் போய்விடும். குக்கரில் கொஞ்சத் தண்ணீரோடு மூடி வேகவைத்து அந்தத் தண்ணீரோடேயே மசிப்பது நல்லதல்ல. வெந்த கிழங்கை வாயில் வைத்துக் கசந்தால் விழுங்காமல் எறிந்துவிடுங்கள். பச்சையாகத் தின்பதும் வேண்டாம்.

கிழங்கு மூழ்கி நாலு விரல்கடை மேலே நிற்கும் அளவு தண்ணீர். 20 முதல் 25 நிமிடம். பாதி வெந்ததும் உப்பு. ஈர்க்கில் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும், துண்டு வாய் பிளந்து நிற்க வேண்டும். தண்ணீரை ஒட்ட வடித்து, பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி ஈரத்தை விரட்டுங்கள். பிறகு முக்கால் கப் தேங்காய், 3 பச்சை மிளகாய், 2 பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், மஞ்சள் சதைத்தது சேர்த்து, சூடாக இருக்கும்போதே அகப்பைக் காம்பால் மசியுங்கள். ஆறினால் மசியாது. தண்ணீர் சரியாக வடியாவிட்டால் பசை மாதிரி இழுக்கும். சில துண்டு மசிந்தும் சில துண்டு கட்டியாகவும் கிடப்பதே நல்ல மசியல், களி மாதிரி ஆக்கிவிட வேண்டாம்.

கஞ்சியும் பயறும் துவையலும்

மழை நாளிலும் வயிறு சரியில்லாத நாளிலும் இதற்கு இணை இல்லை. சம்பா என்று கேட்டால் கிடைக்கும் சிவப்புப் புழுங்கலரிசி (எல்லைக்கு அந்தப் பக்கம் மட்ட அரிசி) ஒன்றரைக் கப். நாலு தண்ணீர் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 9 கப் தண்ணீரோடு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம். பாதி அளவுக்கு மேல் குக்கரை நிரப்பாதீர்கள், கஞ்சி பொங்கி விசில் துளையை அடைக்கும். திறந்த பானையில் முக்கால் மணி நேரம் ஆகும். நேரம் ஆக ஆகக் கஞ்சி இறுகும்; இளக்குவதற்குச் சுடுதண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

சிறுபயறு முக்கால் கப்பை மணம் வர வறுத்து, கழுவி, இரண்டு கப் தண்ணீரில் 3 விசில். உப்பு பிறகு. அரைக் கப் தேங்காய்ச் சதைப்பைக் கலந்து, கடுகு, வத்தல், உள்ளி தாளித்துக் கொட்டுங்கள்.

துவையலுக்கு 3 வத்தலைத் தணலிலோ அடுப்புச் சுடரிலோ காட்டிச் சுடுங்கள்; எண்ணெயில் வறுத்தால் இந்த மணம் வராது. அரைக் கப் தேங்காய், 4 சின்ன உள்ளி, நெல்லிக்காயில் பாதி அளவு புளி, உப்பு. தண்ணீர் தொடாமல் அரைத்து உருட்டி வையுங்கள். உள்ளியைக் கடைசிச் சுற்றில் போடுங்கள், முதலிலேயே அரைபட்டால் காரல் வரும். இதனோடு சுட்ட பப்படம் இருந்தால் போதும்.

எதை எதோடு, எதை எத்தனை நாள்

தீயல் உள்ள ராத்திரிக்குச் சோறும் பயற்றங்காய்த் துவரனும். மீன் குழம்புக்கு மரச்சீனி. அவியல் வைத்த நாளில் இன்னொரு தேங்காய்க் கறி வேண்டாம், ரசமும் பப்படமும் போதும். பருப்போ கீரையோ இல்லாமல் கிழங்கும் சோறும் மட்டுமாக இரண்டு ராத்திரி தொடர்ந்தால், மூன்றாம் ராத்திரி பயறு வையுங்கள்.

மிஞ்சினதில் துவரனும் மரச்சீனி மசியலும் அன்றைக்கே தீர வேண்டும். பச்சைத் தேங்காய் முதலில் புளிக்கும். மீன் குழம்பும் தீயலும் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும், மறுநாள் ருசி கூடும். சட்டியோடு சூடாக்காமல், வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். சோறு மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் கிடக்க விடாமல், மண்கலத்தில் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு உப்பும் கொஞ்சம் மோரும் ஊற்றிப் பிசைந்து, ஒரு பச்சை மிளகாயும் இரண்டு சின்ன உள்ளியும் நசுக்கிப் போட்டால் பழங்கஞ்சி. தொட்டுக்கொள்ள முந்தின நாள் தீயல்.